ஏழு மணிக்கு இரண்டு தடவை

தென்காசியில் என் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, சென்னையில் இருக்கும் ஒரு சின்ன கம்பெனியின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று நாள் தவறாமல் மாத்திரை போட வேண்டியவர்களுக்கு, அவர்கள் காட்டும் ஆஸ்பத்திரியின் சார்பில் நேரத்துக்குப் போன் போட்டு நினைவூட்டுவதுதான் கம்பெனியின் தொழில். மனிதர்கள் உட்கார்ந்து போன் போடுவதில்லை. லினக்ஸ் சர்வரில் 'கிரான்' என்று ஒரு ஏற்பாடு உண்டு. இந்த நேரத்துக்கு இந்த வேலை என்று ஒரு வரி எழுதி வைத்தால் போதும், அந்த நேரம் வந்ததும் அது தானாக அந்த வேலையை ஓட்டிவிடும். காலை ஏழு மணிக்கு எங்கள் கிரான் விழித்து, பட்டியலில் உள்ள எண்களுக்கெல்லாம் போன் போகச் செய்யும். எடுத்தவர் காதில், பதிவு செய்து வைத்த ஒரு குரல் பேசும்.

அந்தக் குரல் என்னுடையது.

முதலில் சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் வைத்து வேறொரு பெண்ணைப் பேச வைத்தார்கள். நல்ல குரல். ஆனால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது நகைக்கடை விளம்பரம் போலக் கேட்டது. பாதியில் போனை வைத்துவிட்டார்கள். ஒரு நாள் ஏதோ சோதனைக்காக நான் என் போனில் பேசி அனுப்பியதை ஓட்டிப் பார்த்தார்கள். யாரும் வைக்கவில்லை. அதன் பிறகு அதுவே நிலைத்துவிட்டது. 'வணக்கம். காலைச் சாப்பாட்டுக்கு முன்னாடி உள்ள மாத்திரையை இப்போ போட்டுக்கோங்க. போட்டுட்டு சாப்பிட மறந்துராதீங்க.' இவ்வளவுதான். இதற்காக என்னிடம் யாரும் எதுவும் எழுதி வாங்கவில்லை. எனக்கும் அது தோன்றவில்லை.

சென்னையில் பல வருசம் இருந்தவள்தான் நான். மாமியார் படுக்கையில் விழுந்ததும் பார்த்துக்கொள்ள ஊருக்கு வந்தேன். அவர் காலமான பிறகும் திரும்பிப் போகவில்லை. கணவர் ராணுவத்தில், வடக்கே இருக்கிறார். மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் படிக்கிறாள். இங்கே பார்க்கிற அதே கறுப்புத் திரையை, இரண்டு பஸ் மாறிப் போய் இன்னொரு கட்டடத்தில் உட்கார்ந்து பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. என் மேலாளர் அதை மனதார ஒப்புக்கொண்டதே இல்லை. ஊரில் இருந்துகொண்டு வேலை பார்க்கிறவர்கள் என்றால், பாதி நேரம் தோட்டத்தில் நிற்கிறவர்கள் என்று அவருக்கு ஒரு எண்ணம். இத்தனைக்கும் அவருக்குச் சொந்த ஊர் சிவகிரி. எங்கள் மாவட்டத்துக்காரர்தான். பேச்சில் மட்டும் ஊர் வாடை துளிகூட இருக்காது. துடைத்து எடுத்துவிட்டிருந்தார்.

எதிர் வீட்டில் ஓய்வு பெற்ற போலீஸ்காரர் ஒருவர் இருக்கிறார். தெருவுக்கு அவர் ஏட்டையா. எனக்கு அண்ணாச்சி. அவர் மனைவி எனக்கு மதினி. கணவர் இல்லாத வீட்டில் மோட்டார் ஓடவில்லை என்றாலும், மாடிப்படியில் பாம்பு கிடக்கிறது என்றாலும், நான் முதலில் குரல் கொடுப்பது அவர்கள் வீட்டுக்குத்தான். அண்ணாச்சிக்குச் சர்க்கரை உண்டு. அவர் காட்டும் ஆஸ்பத்திரி எங்கள் கம்பெனியோடு சேர்ந்திருப்பதால், அவருக்கும் தினமும் காலையில் போன் போகும். முதல் நாள் என் குரல் போனில் வந்ததும், நேரே தெருவில் வந்து நின்று அண்ணாந்து பார்த்து, மாடியிலிருந்து ஒரு சத்தம் கொடுத்தால் கேட்குமே, எதற்குப் போன் போட்டுக் காசைக் கரியாக்குகிறாய் என்று கேட்டார். இது பதிவு, எல்லாருக்கும் போகிறது என்று விளக்கினேன். புரிந்துகொண்டார். ஆனாலும், "பதிவோ கிதிவோ, சொல்லுதது நீதானே" என்பார்.

அந்த வருசம் சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. குற்றாலத்தில் எல்லா அருவியிலும் தண்ணீர். அண்ணாச்சி வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். கூட்டம் சேர்வதற்கு முன் குளித்துவிட வேண்டும் என்று காலையிலேயே வேன் பிடித்து ஐந்தருவிக்குப் போனார்கள். வேனில் ஏறும்போது போன் வந்தது. அண்ணாச்சி மாத்திரையைப் போட்டார். சாப்பாட்டை, குளித்துவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். அருவியில் குளித்தவனுக்குத்தான் பசியும் ருசியும் தெரியும் என்பது அவர் கட்சி.

ஆண்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்திருக்கிறார். மதினி பெண்கள் பக்கம் நின்றதால் அவளுக்குத் தெரியவில்லை. தூக்கி வந்து ஒரு கடை ஓரமாகக் கிடத்தியவர்கள், உடம்பெல்லாம் நனைந்திருப்பதைச் சாரல் என்று நினைத்திருக்கிறார்கள். புனலூரிலிருந்து வந்திருந்த ஒரு மலையாளத்துக்காரர்தான் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, இது வேர்வை என்று கண்டுபிடித்து, "ஷுகர் உண்டோ" என்று கேட்டிருக்கிறார். சொந்தக்காரப் பையன்கள் ஆமாம் என்றதும், கடைக்காரர் டம்ளர் தண்ணீரில் சீனியைக் கொட்டிக் கலக்கிக் கொடுத்திருக்கிறார். பிறகு ஆம்புலன்ஸ் வந்து தென்காசி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள்.

நான் போனபோது அண்ணாச்சி கண் விழித்துப் படுத்திருந்தார். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு இளம் டாக்டரம்மா அவரிடம், காலையில் எத்தனை மாத்திரை போட்டீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணாச்சி ரெண்டு என்றார். சீட்டில் ஒன்றுதானே எழுதியிருக்கிறது என்று டாக்டரம்மா கேட்டார். அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையில் குற்றம் சொல்கிற மாதிரி எதுவுமில்லை. அதுதான் எனக்கு என்னவோ செய்தது.

"இவதான் ரெண்டு தடவை போட்டுக்கோங்கன்னு சொன்னா. ஒரு வாரத்துக்கு மேல அப்படித்தான் வருது. டாக்டர் கூட்டியிருப்பாருன்னு நெனச்சேன். மேலெருந்து வந்த உத்தரவை நான் எப்பம் கேள்வி கேட்டிருக்கேன்?"

மதினி கட்டில் ஓரத்தில் ஈரப் புடவையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் அண்ணாச்சி மாதிரி இல்லை. கேள்வி கேட்கத் தெரிந்தவள்.

"எங்க வீட்டுக்கு மட்டுந்தான் ரெண்டு தடவை அடிக்கா? இல்ல, எல்லாருக்கும் அடிக்கா?"

தெரியவில்லை மதினி என்றேன். பார்த்துச் சொல்கிறேன் என்று கிளம்பி, தூறலில் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் கம்பெனித் திரையில் எல்லாம் சரியாக இருந்தது. அது ஆளைத்தான் எண்ணும், அழைப்பை எண்ணாது. ஒருவருக்கு ஒரு தடவை போனாலும் பத்துத் தடவை போனாலும் அதற்கு ஒரே பச்சைப் புள்ளிதான். போன் இணைப்பு கொடுக்கிற நிறுவனத்தின் பதிவைத் திறந்து பார்த்தேன். அநேகமாக எல்லாருக்கும் இரண்டு தடவை. முதல் சுற்று ஏழு மணிக்கு. கொஞ்ச நேரம் கழித்து, தினமும் அதே இடைவெளியில், இரண்டாவது சுற்று. ஒரு வாரத்துக்கு மேலாக நடந்திருக்கிறது.

மேலாளருக்குப் போன் போட்டேன். நான் சொல்ல ஆரம்பித்ததுமே, தெரியும் என்றார். முந்தின நாளே ஆஸ்பத்திரித் தரப்பிலிருந்து புகார் வந்திருக்கிறது. அவர் பதிலும் அனுப்பிவிட்டார். தென்காசியில் சீசன் காற்றில் கரண்ட் போகும், நெட் போகும், அங்கிருந்து வேலை பார்க்கிறவர் திரும்ப இணைந்தபோது போன் போடும் நிரலை இன்னொரு தடவை ஓட்டியிருக்கிறார், இனி நடக்காது என்று எழுதியிருந்தார்.

"ஹ்யூமன் எரர்னு போட்டு முடிச்சாச்சு. நீங்க ஆமான்னு ஒரு மெயில் மட்டும் போட்டுருங்க. யாரும் உங்களை ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

 அந்த சர்வர் இருப்பது மும்பையில். என் வீட்டில் கரண்ட் போனால் என் ஃபேன் நிற்கும், அது நிற்காது. நான் தூங்கினாலும், ஊரே இருண்டாலும், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். இது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஒரு காலத்தில் இதே வேலையை என்னைவிட நன்றாகச் செய்தவர் அவர். தெரிந்துதான் எழுதியிருக்கிறார். தென்காசி என்று எழுதினால் கேட்கிறவர்கள் உடனே நம்புவார்கள். அது அவருக்கு வசதியாக இருந்திருக்கிறது.

நான் ஓட்டவில்லை, ஓட்டினேன் என்று எழுதவும் மாட்டேன் என்று சொன்னேன். அண்ணாச்சி விழுந்ததையும் சொன்னேன்.  அவர், ஒரே எண்ணுக்கு ஒரு மணி நேரத்துக்குள் இரண்டாவது அழைப்பு போனால் தடுத்துவிடுகிற மாதிரி ஒரு வடிகட்டி போட்டுவிடலாம், இன்றைக்கே விஷயம் முடிந்துவிடும் என்றார். இரண்டில் எது சரியானது, எது தப்பானது என்று தெரியாமல் எதைத் தடுப்பீர்கள் என்று கேட்டேன். போனை வைத்தேன்.

உட்கார்ந்தேன். ஒரு வேலை இரண்டு தடவை ஓடுகிறது என்றால் வழக்கமாகப் பார்க்கிற இடங்கள் சில உண்டு. என் பெயரில் உள்ள கிரான் பட்டியலில் அந்த வரி இருந்து, சர்வரின் பொதுப் பட்டியலிலும் அதே வரி யாரோ எழுதியிருக்கலாம். இல்லை. நிர்வாகி பெயரில் இன்னொன்று இருக்கலாம். இல்லை. கிரானே இரண்டாக ஓடிக்கொண்டிருக்கலாம். ஒன்றுதான் ஓடியது. நிரல் தவறி விழுந்து தன்னைத் தானே மறுபடி ஓட்டியிருக்கலாம். அதுவும் இல்லை. சர்வரின் சொந்தப் பதிவில் தினமும் ஏழு மணிக்கு ஒரே ஒரு தொடக்கம். அப்படியென்றால் இரண்டாவது சுற்று இந்த மெஷினில் பிறக்கவே இல்லை. தினமும் பிசகாமல் அதே இடைவெளி என்பதும் கையால் செய்கிற காரியம் இல்லை. எனக்கு அவ்வளவு ஒழுங்கு வராது.

இரண்டாவது சுற்றில் போன எண்களை மட்டும் தனியே எடுத்து எங்கள் பட்டியலோடு வைத்துப் பார்த்தேன். சில எண்கள் எங்கள் பட்டியலில் இல்லவே இல்லை. முன்பு இருந்து, பிறகு ஆஸ்பத்திரி சொல்லி நீக்கியவை. அதில் ஒன்றுக்குப் போன் போட்டேன். வாசுதேவநல்லூர் எண். ஒரு அம்மா எடுத்தார். நான் ஹலோ என்றேன்.

"நீயா? இது ரெக்கார்டுன்னுல்லா நெனச்சேன்."

இன்னார் நான், தப்பாக உங்களுக்குப் போன் வருகிறதா என்று கேட்கத்தான் கூப்பிட்டேன் என்றேன். அந்த அம்மா சொன்னார். அது அவர் வீட்டுக்காரரின் போன். பொங்கலுக்கு முன்னால் அவர் தவறிவிட்டார். ஆஸ்பத்திரியில் சொல்லி, காலை அழைப்பை நிறுத்தியிருந்தார்கள். போனை மட்டும் அந்த அம்மா வைத்துக்கொண்டிருந்தார், அவருடைய பொருள் என்று. போன வாரத்திலிருந்து மறுபடி அடிக்க ஆரம்பித்துவிட்டது.

"அவுக போயி இத்தனை மாசம் ஆச்சு. காலையில காலையில மாத்திரை போட்டுக்கோங்க, சாப்பிட மறந்துராதீங்கன்னு சொல்லுதியே, எனக்கு எப்படி இருக்கும்?"

 எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு நாள் ஆகும், நாளைக் காலையில் மட்டும் இன்னொரு தடவை அடிக்கும், எடுக்காதீங்க, அதோடு நிறுத்திவிடுகிறேன் என்று சொன்னேன். அந்த அம்மா போனை வைத்துவிட்டார்.

இப்போது எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. போன வருசக் கடைசியில் எல்லாவற்றையும் பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு மாற்றினோம். பழையதில் பட்டியலும் கிரானும் அன்றிருந்தபடியே இருக்கும். அது எங்கேயோ உயிரோடு இருக்கிறது. தவறிப்போனவரின் எண் அதில் மட்டும்தான் இருக்க முடியும். அந்த மெஷினைத் திறக்க எனக்கு வழி கிடையாது. அது மேலாளர் கணக்கில் இருந்தது.

மறுபடி அவருக்குப் போன் போட்டேன். பழைய மெஷினைத் தானே நிறுத்தியதாகவும், அது ஓட வாய்ப்பே இல்லை என்றும் அடித்துச் சொன்னார். திறந்து பார்க்கச் சொன்னேன். தேவையில்லை என்றார். அப்படியானால் நாளைக் காலை என் சர்வரின் கிரானை நிறுத்தி வைக்கிறேன், அதன் பிறகும் ஏழு மணியை ஒட்டி யாருக்காவது போன் போனால், இன்னொரு மெஷின் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வீர்களா என்று கேட்டேன். ஓடிக்கொண்டிருக்கிற சர்வரில் கைவைக்கக் கூடாது, இது உத்தரவு என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் பெரியாஸ்பத்திரிக் கட்டில்தான் ஞாபகத்துக்கு வந்தது. உத்தரவைக் கேள்வி கேட்காமல் செய்த ஒருத்தர் அங்கே குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருக்கிறார்.

மறைத்துச் செய்வது என் வழக்கமில்லை. என்ன செய்யப் போகிறேன், ஏன் செய்கிறேன், போன் எதுவும் போகவில்லை என்றால் உடனே என் கையால் ஓட்டிவிடுவேன், எப்படியானாலும் பழைய பட்டியலில் இல்லாத, புதிதாகச் சேர்ந்த ஆட்களுக்கு நானே தனியாக அழைப்பு அனுப்புவேன் என்று எல்லாவற்றையும் மெயிலில் எழுதி அனுப்பினேன். 'வேண்டாம்' என்று பதில் வந்தது. கிரான் பட்டியலைத் திறந்து, அந்த வரியின் முன்னால் ஒரு குறி போட்டு அதை ஊமையாக்கினேன்.

காலையில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணாச்சியின் போன் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. மதினி மாத்திரை அட்டையைத் தன் இடுப்பில் செருகி வைத்திருந்தாள். இனி அது அவள் பொறுப்பு என்று முந்தின நாளே தீர்ப்பாகிவிட்டது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டேன். நர்ஸ் வந்து, இங்கே என்னம்மா செய்கிறீர்கள் என்று கேட்டார். ஒரு போனுக்காகக் காத்திருக்கிறேன் என்றேன்.

ஏழு மணி ஆனது. போன் அடிக்கவில்லை. அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.  நான் நினைத்தது தப்பாக இருந்தால், இந்த ஊரிலும் இதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் எத்தனையோ பேர் இந்த நிமிசம் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதற்குப் பொறுப்பு நான் ஒருத்திதான். மேலாளர் அப்போது எழுதுகிற மெயிலில் பொய் ஏதும் இருக்காது. கையால் ஓட்டுவதற்கான கட்டளையைத் தயாராக அடித்து வைத்திருந்தேன். விரல் பொத்தானின் மேல்தான் இருந்தது.

போன் அடித்தது. வழக்கமாக இரண்டாவது சுற்று வருகிற அதே நேரம். அண்ணாச்சி எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டார். வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி நான் வணக்கம் சொன்னேன், மாத்திரை போட்டுக்கொள்ளச் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து, போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

அங்கேயே வராந்தாவில் நின்று மேலாளரைக் கூப்பிட்டேன். என் சர்வர் வாயை மூடிக்கொண்டிருக்கிறது, ஆனாலும் இப்போதுதான் போன் வந்தது, இந்தப் போனை வைப்பதற்கு முன்னால் பழைய மெஷினைத் திறந்து பாருங்கள் என்றேன். தட்டச்சுச் சத்தம் கேட்டது.  வெளியே மழை பலத்துப் பெய்துகொண்டிருந்தது.

"ஓடுது" என்றார்.

நடந்தது இதுதான். மாற்றும்போது அவர் பழைய மெஷினை நிறுத்தினார், அழிக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டார். அந்த மெஷின்களை வாடகைக்கு விடுகிறவர்கள் ஏதோ பராமரிப்பு வேலை பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் மறுபடி கிளப்பிவிட்டிருக்கிறார்கள். நின்றிருந்ததும் எழுந்துகொண்டது. மெஷின் எழுந்தால் கிரானும் கூடவே எழுந்துவிடும். எழுந்தது, தனக்குத் தெரிந்த பட்டியலை எடுத்துக்கொண்டு, தினமும் தன் கடிகாரப்படி ஏழு மணிக்கு வேலையைத் தொடங்கியது. அதன் கடிகாரம் பின்தங்கியிருந்தது. இடைவெளி அதனால் வந்ததுதான்.

அவர் அதை நிறுத்தி, அழித்தும்விட்டார். நான் புதிய ஆட்களுக்கு அழைப்பை அனுப்பிவிட்டு, என் கிரான் வரியின் குறியை எடுத்தேன். மறுநாள் எல்லாருக்கும் ஒரே ஒரு தடவைதான் போனது.

மேலாளரைப் பொறுத்தவரை அத்தோடு சரி. நல்ல வேலை செய்தீர்கள் என்றுகூடச் சொன்னார். எனக்கு அது போதவில்லை. இரண்டு காரியம் பாக்கி இருக்கிறது என்றேன். ஆஸ்பத்திரிக்கு எழுதியதைத் திருத்தி எழுத வேண்டும். அதில் தென்காசி என்கிற வார்த்தையும், நான் ஓட்டினேன் என்கிற வரியும் இருக்கக் கூடாது. அடுத்தது, இரண்டு தடவை போன் போன ஒவ்வொருவருக்கும் அதைச் சொல்ல வேண்டும். அண்ணாச்சி விழுந்தது வெளியே தெரிந்தது. வெளியே தெரியாமல் வீட்டுக்குள் விழுந்தவர்கள் எத்தனை பேரோ. மதினி கேட்ட கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருந்தது. அநேகமாக எல்லாருக்கும் அடித்திருக்கிறது.

முதலாவதற்கு அவர் சம்மதித்தார். இரண்டாவதைக் கேட்டதும் குரல் மாறியது. நாமாகவே போய்த் தப்பு என்று சொன்னால் வழக்கு வரும், ஆஸ்பத்திரி ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும், நீங்கள் சர்வரை மட்டும் பாருங்கள் என்றார்.

"அப்போ என் குரலை எடுத்துருங்க சார். நாளைக்குக் காலையில வேற யாரையாவது பேசச் சொல்லுங்க."

"என்ன சொல்றீங்க?"

"நான் சொல்லித்தான் அவங்க ரெண்டு போட்டாங்க. தப்புன்னும் நான்தான் சொல்லணும். அதைச் சொல்லக் கூடாதுன்னா, இனி எதையும் என் குரல்ல சொல்லாதீங்க."

"ஏன் இப்படி அடம்பிடிக்க?" என்றார்.

சொன்ன பிறகு அவரே திடுக்கிட்டிருக்க வேண்டும். அடம்பிடிக்கிறீங்க என்று வர வேண்டியது இப்படி வந்துவிட்டது, அது சிவகிரிப் பேச்சு. அத்தனை வருசப் பழக்கத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் ஊர்ச்சொல்.

"அடம்தான் சார்" என்றேன்.

முதலாளிகளிடம் பேசுகிறேன் என்று போனை வைத்தார். அவர்கள் முதலில் ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பலாம் என்றார்கள். சுந்தரபாண்டியபுரத்தில் காலையில் வயலுக்குக் கிளம்புகிற ஒருத்தர் அதை எப்படிப் படிப்பார் என்று கேட்டேன். நானே பேசிப் பதிவு செய்து அனுப்பி வைத்தேன். 'போன வாரம் உங்களுக்கு ரெண்டு தடவை போன் வந்திருக்கும். அது எங்க தப்பு. அதனால மாத்திரையை ரெண்டு தடவை போட்டிருந்தா உடனே உங்க டாக்டரைப் பாருங்க.' தப்பு என்கிற இடத்தில் தடங்கல் என்று மாற்றச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். கரண்ட் போவது தடங்கல். இது தப்பு. இரண்டு மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் விட்டுவிட்டார்கள்.

வாசுதேவநல்லூர் அம்மாவின் எண் பட்டியலில் இல்லாததால் இந்தப் பதிவு அவருக்குப் போகாது. நானே கூப்பிட்டேன். இனி வராதும்மா என்றேன். வரவில்லை, நின்றுவிட்டது என்றார். பிறகு, காலையில் போன் அடிக்காமல் இருப்பதும் இப்போது ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது என்றார். 

பதிவு போன நாளில் கம்பெனி எண்ணுக்கு நிறைய அழைப்புகள் வந்தன. எடுத்துப் பேச ஆள் போதாமல், சிலவற்றை என் போனுக்குத் திருப்பிவிட்டார்கள். பலர், நாங்கள் ஒன்றுதான் போட்டோம், கவலைப்படாதே என்றார்கள். சிலர் இரண்டு போட்டிருந்தார்கள். தலை சுற்றியது எதனால் என்று இப்போதுதான் தெரிகிறது என்றார்கள். ஆஸ்பத்திரி அவர்களை அழைத்துப் பார்த்து அனுப்பியது. செங்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் என்னை ஏக வசனத்தில் வெளுத்து வாங்கினார். அவர் முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன். எந்த வழக்கும் வரவில்லை. ஒப்பந்தமும் முறியவில்லை.

அதன் பிறகு நிரலில் ஒன்றைச் சேர்த்தேன். ஒருவருக்குப் போன் போடும் முன், இன்றைக்கு இவருக்குச் சொல்லியாயிற்று என்று பொது இடத்தில் ஒரு அடையாளம் வைத்துவிட வேண்டும். போன் இணைப்பைத் திறக்கும் ரகசியச் சாவியையும் மாற்றிவிட்டேன். எந்த மெஷின் எங்கிருந்து எழுந்து வந்தாலும், அடையாளம் இருந்தால் திரும்பிப் போக வேண்டும், சாவி இல்லாவிட்டால் வாசலிலேயே நிற்க வேண்டும். பழைய மெஷினைத்தான் அழித்தாயிற்றே, இது எதற்கு என்று மேலாளர் கேட்டார். போன தடவையும் நிறுத்தியாயிற்று என்றுதானே சொன்னீர்கள் என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அண்ணாச்சி வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த சீசனில் மதினி அவரை அருவிப் பக்கம் விடவில்லை. வீட்டுக் குளியலறையில் குளித்துவிட்டு, இதுவும் ஒரு குளிப்பா என்று தெரு கேட்கப் புலம்புவார்.

வருசக் கடைசியில் என் வேலையைப் பற்றிய மதிப்பீட்டில், இணங்கிப் போகும் தன்மை குறைவு என்று எழுதியிருந்தார்கள். கருத்து இருந்தால் பதியலாம் என்று கீழே இடம் விட்டிருந்தார்கள். ஆமாம் என்று எழுதினேன்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து ஒரு ஒப்பந்தம் அனுப்பினார்கள். என் குரல் பதிவுகள் எல்லாம் கம்பெனிக்கே சொந்தம், அவற்றை எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று இருந்தது. எனக்குச் சம்மதம்தான், ஒரு வரி சேர்த்தால். என் குரலில் புதிதாக எதைச் சொல்வதாக இருந்தாலும் முதலில் என்னிடம் கேட்க வேண்டும், நான் கூடாது என்றால் கூடாது. அந்த வரியை எழுதித் திருப்பி அனுப்பினேன். வழக்கறிஞர் பார்க்கிறார் என்றார்கள். அப்புறம், இப்படியெல்லாம் எழுதுகிற வழக்கமில்லை என்றார்கள். அடுத்து மேலாளரே கூப்பிட்டு, ஒரு கையெழுத்துதானே, போட்டுவிடுங்களேன் என்றார்.

நான் போடவில்லை. அந்த வரி சேரும் வரை போடுவதாகவும் இல்லை.